ஆம்புரோஸை அச்சடித்த நாள்

என் மூஞ்சியை அச்சடித்துச் சட்டம் போட்டு என் வீட்டிலேயே மாட்டி வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், எனக்கு அவ்வளவு கர்வமெல்லாம் கிடையாது. பக்கத்து வீட்டு கார்மெல் ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம் படித்தபோது செய்து கொடுத்தது. கறுப்பு மையில், தலையில் கம்பெனி வலைத்தொப்பியோடு, இரண்டு தாடையோடு இருக்கிறேன்.

"அடியே, இந்த ரெண்டாவது தாடை எங்கேர்ந்துடி வந்துச்சு?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"அது எப்பவும் அங்கதான் இருக்கு கெர்ட்டி அத்தை. கண்ணாடி பாக்கும்போது நீங்க தலையைத் தூக்கிக்கிறீங்க" என்றாள்.

வாய் மட்டும் இல்லையென்றால் அவளை நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். ஆனால் தங்கமான பிள்ளை. அந்தப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து மே மாதம் ஞாபகம் வந்துவிடுகிறது. அதற்கப்புறம் எத்தனையோ மே மாதம் வந்து போய்விட்டது. ஒன்றுகூட அந்த மாதிரி இல்லை.

எங்கள் வடக்குக் கடலோர மீனவ ஊரான ஹேர் ஹார்பரில் மே மாதம் என்பது பெயருக்குத்தான் வசந்தம். வடகிழக்குக் காற்று அடித்தால் பனிப்பாளங்கள் குடாவுக்குள் வந்து அடைத்துக்கொள்ளும். படகுகள் வெளியே போகாது. படகு போகாவிட்டால் நண்டு வராது. நண்டு வராவிட்டால் கம்பெனியில் எங்களுக்கு வேலை இல்லை. வேலை இருக்கிற நாளில் விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை நின்றபடியே நண்டுக்கால் உடைப்போம். எனக்கு வலப்பக்கம் பிரைட் நிற்பாள். கார்மெலின் அம்மா. பதினெட்டு வருஷம் அவள் முழங்கை என் முழங்கையில் இடித்தபடியே வேலை பார்த்தேன். என் புருஷன் சிரிலிடம்கூட அத்தனை வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

ஒரு நாள் பிரைட் நண்டை உடைத்துக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்: "லொரேட்டா போறா, கெர்ட்டி."

"எங்க?"

"மகன் டெரன்ஸ்கிட்ட. மேற்கே ரொம்ப தூரத்துல, ஃபோர்ட் மக்மரேக்கு. வீட்டைப் பூட்டிட்டு ஒரேடியாப் போறா. இந்த மாசக் கடைசி சனிக்கிழமை கேண்டர்லேர்ந்து விமானம்."

எனக்குக் கை நின்றுவிட்டது. மேற்பார்வை பார்க்கிறவன் முறைத்த பிறகுதான் மறுபடி உடைத்தேன்.

"ஆம்புரோஸுக்குத் தெரியுமா?"

"தெரியும். கேட்டதுலேர்ந்து சாப்பாடு இறங்கல அவனுக்கு. மூணு நாளா உப்புக்கறியை அப்படியே நாய்க்குப் போடுறேன். ஒரு வார்த்தை, கெர்ட்டி. போறதுக்குள்ள அவ இவன்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும். திட்டினாக்கூடப் பரவாயில்ல. பேசாமப் போயிட்டா இவன் உள்ளுக்குள்ளயே அழுகிப் போயிடுவான்."

விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பிரைட்டின் புருஷன் ஆம்புரோஸும் லொரேட்டாவின் புருஷன் ஃபான்ஸும் இரட்டைப் பிள்ளைகள். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒரே மூஞ்சி, ஆனால் ஒருத்தனுக்கு வலதில் இருப்பது இன்னொருத்தனுக்கு இடதில் இருக்கும். ஆம்புரோஸுக்கு நெற்றிச் சுழி வலப்பக்கம், சிரித்தால் வாய் வலப்பக்கம் இழுக்கும். ஃபான்ஸுக்கு எல்லாம் இடப்பக்கம். இவன் வலக்கைக்காரன், அவன் இடக்கைக்காரன். அம்மா வயிற்றில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் தன்னைச் செய்துகொண்டான் போல என்று ஊரில் சொல்லிச் சிரிப்போம். டீச்சர் பேர் கேட்க மாட்டார். "சிரிடா" என்பார். சிரித்ததும் யாரென்று தெரிந்துவிடும்.

எண்பத்துநாலு மே மாதம் இரண்டு பேரும் ஒரே படகில் வலை இழுக்கப் போனார்கள். ஆம்புரோஸ் மட்டும் வந்தான். ஃபான்ஸின் உடல் கிடைக்கவே இல்லை. துக்க வீட்டில், ஃபாதர் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது, லொரேட்டா எழுந்து வந்து ஆம்புரோஸின் முன்னால் நின்றாள். "ரெண்டு பேர் போனீங்க. நீ எதுக்கு வந்தே?" என்று கேட்டாள். ஊரே கேட்டது. அவன் பதில் சொல்லவில்லை. அதோடு சரி. பதினைந்து வருஷமாக அவள் அவன் மூஞ்சியைப் பார்க்கவில்லை.

லொரேட்டா கெட்டவள் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். பிரைட்டோடு உயிராகத்தான் இருந்தாள். கார்மெலை மடியில் போட்டு வளர்த்தவள். ஆனால் பிரைட் வீட்டு வாசலில் ஆம்புரோஸின் வண்டி நின்றால் வர மாட்டாள். வண்டி இல்லையென்றால் நேரே சமையலறைக்குள் வந்து உட்கார்ந்து டீ குடிப்பாள். எங்கள் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நிற்கிற வண்டியைப் பார்த்தே வீட்டில் ஆள் இருக்கா இல்லையா என்று தெரிந்துகொள்வோம். கோயிலில் அவள் இடப்பக்க வரிசை, அவன் வலப்பக்கம். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அவள் பூசைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து, அவள் வீட்டுக்குப் பின்னால் குளிர்காலத்துக்கு வேண்டிய விறகு மொத்தத்தையும் வெட்டி அடுக்கிவிட்டு வருவான். அவளும் அதை எரிப்பாள். யார் வெட்டியது என்று ஒரு நாள் கேட்டதில்லை. இதை என்னவென்று சொல்வது!

இந்த நேரத்தில்தான் கார்மெல் வந்து இறங்கினாள். கார்னர் புரூக்கிலிருந்து பஸ்ஸில், ஒரு பெட்டி, ஒரு பெரிய அட்டை உறை, மை டப்பாக்கள். கல்லூரியில் கடைசித் தேர்வுக்குப் பன்னிரண்டு முகம் அச்சடித்துக் கொடுக்க வேண்டுமாம். எல்லாம் வீட்டு ஆட்கள், சிநேகிதர்கள்.

"ஊரான் மூஞ்சியெல்லாம் எவன்டி பாக்கப் போறான்?" என்றான் சிரில்.

"உன் மூஞ்சியைப் பாக்க மாட்டாங்க மாமா. அதுல இருக்கிற சுருக்கத்தைப் பாப்பாங்க. எனக்கு அதுக்குத்தான் மார்க்" என்றாள்.

இரண்டு வாரம் பிரைட்டின் சமையலறை ஒரு அச்சுக்கூடம்தான். தரையில் விரிக்கிறோமே லினோலியம், அதையேதான் கனமானதாகப் பார்த்து, தாள் அளவுக்கு வெட்டிக் கொண்டு வந்திருந்தாள். பன்னிரண்டு துண்டு. அதை அடுப்புப் பக்கத்தில் வைத்துச் சூடாக்குவாள். கொஞ்சம் இளகியதும் சின்ன உளியால் செதுக்குவாள். வெள்ளையாக வர வேண்டிய இடத்தையெல்லாம் செதுக்கித் தள்ளிவிட வேண்டும். மிச்சம் நிற்பதில் ரோலரால் மை பூசி, மேலே தாளை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் தேய்ப்பாள். பிரைட்டின் நல்ல கரண்டி. ஒரு வாரம் கஞ்சியில் மை வாசனை அடித்தது. அச்சடித்த தாள்களை, அடுப்புக்கு மேலே கையுறை காயப்போடுகிற கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவாள். நான் போனால் தலைக்கு மேல் ஊரே தொங்கும். தபால் ஆபீஸ் மார்சியா, சிரில், பிரைட், நான்.

ஒரு விஷயம் மட்டும் கறாராகச் செய்வாள். முதலில் மெல்லிய தாளில் ஆளை வரைவாள். பிறகு அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தெரிகிற கோட்டை லினோலியத்தில் பதிப்பாள்.

"ஏன்டி திருப்புறே?"

"அச்சடிச்சா எல்லாம் இடம் வலமா மாறிடும் அத்தை. முன்னாடியே திருப்பிப் போட்டாத்தான் தாள்ல சரியா வரும். இல்லாட்டி உங்க மச்சம் அந்தப் பக்கம் போயிடும்."

"போனாப் போகுது, எனக்கு அது பாரம்தான்" என்றேன்.

லொரேட்டாவும் வந்து உட்கார்ந்தாள், வண்டி இல்லாத ஒரு மத்தியானம். ரொட்டி மாவைக் கொழுப்பில் பொரித்துக் கரும்புப் பாகு ஊற்றி பிரைட் கொடுத்தாள். சாப்பிட்டபடியே லொரேட்டா போஸ் கொடுத்தாள். கார்மெல் வரைந்துகொண்டே கேட்டாள்: "சித்தி, அப்பாக்கிட்ட சொல்லிட்டுப் போவீங்கல்ல?"

லொரேட்டா தட்டைக் கீழே வைத்தாள். "பாகு ஜாஸ்தியா இருக்கு, பிரைட்" என்றாள். பிறகு வேறு பேச்சு. நாங்களும் விட்டுவிட்டோம்.

பதினோரு முகம் முடிந்துவிட்டது. ஆம்புரோஸ்தான் பாக்கி. அவன் உட்கார மாட்டேன் என்று விட்டான்.

"என் மூஞ்சில என்ன இருக்கு வரைய?"

"அப்பா, நீ இல்லாம என்னா குடும்பப் படம்? வாத்தியார் கேட்டா என்ன சொல்றது? அப்பா கூச்சப்பட்டாருன்னா?"

"செத்துட்டாருன்னு சொல்லிடு."

"வாயைக் கழுவு!" என்று பிரைட் ஈரத்துணியை அவன்மேல் எறிந்தாள்.

கடைசியில் ஒரு நாள் அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நண்டு பிடிக்கிற கூட்டின் வலையைப் பின்னிக்கொண்டிருந்தான். கையில் வலை ஊசி. வெளிச்சம் நன்றாக விழுந்தது. தாளைத் தேடி எடுத்தால் எழுந்து போய்விடுவான் என்று கார்மெல் பயந்தாள். லினோலியத்தில் ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் நேரே அதன் மேலேயே வரைந்துவிட்டாள். ஒரு மணி நேரம் மூச்சுகூட விடவில்லை. முகம், தோள், ஊசி பிடித்த கை, எல்லாம் அப்படியே வந்தது. அவன் எழுந்து போன பிறகு குதித்தாள். இரண்டு நாள் செதுக்கினாள். திருப்பிப் போட வேண்டுமே என்பது அவளுக்கு நினைவே வரவில்லை. சந்தோஷத்தில் மறந்துபோனாள், பாவி மகள்.

வியாழக்கிழமை. காற்று மாறிப் பனி உள்ளே வந்துவிட்டது. கம்பெனி மூடல். என் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜைத் தூக்கிப்போட சிரில் ஆம்புரோஸின் வண்டியை வாங்கிக்கொண்டு போயிருந்தான். நான் வழக்கம்போல் பிரைட்டின் சமையலறையில். கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆம்புரோஸ் அடுப்புக்குப் பின்னாலிருக்கிற கட்டிலில் படுத்திருந்தான். கார்மெல் மை பூசினாள், தாளை வைத்தாள், கரண்டியால் தேய்த்தாள். பிறகு ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக உரித்தாள்.

உரித்ததும் தூக்கிப் பிடித்தாள். "எப்படி?"

அருமையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. ஆனால் ஏதோ ஒன்று இடித்தது. எனக்கு உடனே புரியவில்லை. பிரைட்டுக்குப் புரிந்துவிட்டது. டீக்கோப்பையை வைக்கப் போனவள் மேசையென்று நினைத்து வெறும் காற்றில் வைத்தாள். கோப்பை விழுந்து உடைந்தது.

"மாதாவே" என்றாள். "கார்மெல், அதை அடுப்புல போடு."

"என்னம்மா?"

"ஊசி எந்தக் கையில இருக்கு பாரு!"

இடக்கையில் இருந்தது. நெற்றிச் சுழி இடப்பக்கம். வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது. எங்கள் ஆம்புரோஸ் இல்லை அது. ஃபான்ஸ். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கடலில் போன ஃபான்ஸ், நாற்பத்தாறு வயதில், நரைத்த தலையோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கார்மெலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் திருப்பிப் போடல" என்றாள். "ஐயோ, நேரா வரைஞ்சுட்டேன். இன்னொரு துண்டு இல்லம்மா. ஞாயித்துக்கிழமை நான் போகணும்."

"மார்க்காவது மண்ணாவது! நாளைக் கழிச்சு அவ போறா. போறதுக்குள்ள ஒரு வார்த்தை பேச மாட்டாளான்னு நான் ஏங்கிட்டிருக்கேன். இதைப் பாத்தா என்ன ஆகும்? அவ புருஷனை வச்சு விளையாடுறோம்னு நெனைப்பா. இருக்கிற துளியும் போயிடும். எரி! அந்த அச்சையும் சேத்துப் போடு!"

"பிரைட், கொஞ்சம் பொறு" என்றேன் நான்.

"நீ சும்மா இரு கெர்ட்டி!"

ஆம்புரோஸ் எழுந்து வந்தான். காலுறையோடு உடைந்த கோப்பையைச் சுற்றிக்கொண்டு வந்து படத்தின் முன்னால் நின்றான்.

"நல்லாத்தானே இருக்கு" என்றான்.

"உனக்குக் கண்ணு தெரியலயா?" பிரைட் கத்தினாள். "இது யாருன்னு பாருடா!"

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னான்.

"தெரியுது பிரைட். தினம் காலைல முகம் வழிக்கும்போது கண்ணாடியில இவன்தானே வர்றான். பதினஞ்சு வருஷமா வர்றான். எனக்கு நரைச்சா அவனுக்கும் சரியா நரைக்குது. உங்களுக்குத்தான் இது புதுசு."

கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷம், பிரைட்டுக்கே இது தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

"எரிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டான். கார்மெல் தாளைக் கொடியில் மாட்டினாள். பிரைட் குனிந்து கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினாள்.

அப்போதுதான் பின்கதவு திறந்தது.

"பிரைட், ஜாடியெல்லாம் கொண்டாந்திருக்கேன். அங்க எதுக்கு எனக்கு, மகன் வீட்ல ஜாமா போடப் போறேன்?" லொரேட்டா அட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தாள்.

வண்டி! வாசலில் வண்டி இல்லை. என் ஃபிரிட்ஜை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஆம்புரோஸ் இல்லை என்று நினைத்து வந்துவிட்டாள். அவன் அடுப்புக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கொடியில் தொங்கிய தாள்கள் அவளுக்கு அவனை மறைத்துவிட்டன.

லொரேட்டா பெட்டியை மேசையில் வைத்து நிமிர்ந்தாள். கொடியைப் பார்த்தாள்.

அவள் கிட்டே போனாள். விரலை நீட்டி அந்தப் படத்தின் காதோரத்தைத் தொட்டாள். விரலில் மை ஒட்டியது.

"எப்ப நரைச்சுது இவனுக்கு?" என்றாள்.

பிரைட் ஓடி வந்து தோளைப் பிடித்தாள். "லொரேட்டா, கண்ணு, அது புள்ளை தெரியாம பண்ணிட்டா. திருப்பிப் போட மறந்துட்டா. அது ஆம்புரோஸ்தான். கோவிச்சுக்காதே."

"ஆம்புரோஸ்னு எனக்குத் தெரியாதா? எனக்கென்ன புத்தி பேதலிச்சா போச்சு?" கண்ணை எடுக்காமலே சொன்னாள். "முப்பத்தோரு வயசுலயே நின்னுட்டான், பிரைட். நான் மட்டும் கிழவியாயிட்டே வர்றேன். ஃபோட்டோவை எடுத்துப் பாத்தா, இப்பல்லாம் என் புள்ளை மாதிரி இருக்கான். இன்னும் அஞ்சு வருஷத்துல டெரன்ஸ் இவனைவிடப் பெரியவனாயிடுவான். புருஷன்னு நெனைக்கவே வெக்கமா இருக்கு. இப்பத்தான் என் வயசுக்கு வந்திருக்கான்."

"சித்தி" என்றாள் கார்மெல். "நீங்களே எடுத்துட்டுப் போங்க. மை காஞ்சதும் சுருட்டித் தர்றேன்."

லொரேட்டா அந்தப் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"வேண்டாம்மா. பாத்துட்டேன், போதும். இவன் என்கிட்டதான் இருக்கான். இன்னொருத்தன் இருக்கானே, இதே மூஞ்சியை அந்தப் பக்கமா வச்சுக்கிட்டு, பதினஞ்சு வருஷமா எனக்கு விறகு வெட்டிப் போட்டுக்கிட்டு. அவனைத்தான் நான் ஒரு நாளும் பாக்கல. அவன் எப்படி ஆயிருக்கான்னுகூட எனக்குத் தெரியாது. முடிஞ்சா அவனைப் போட்டுக் குடு. அங்க போய்ப் பாத்துக்கறேன்."

பிரைட் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அடுப்புப் பக்கம் பார்க்காமலிருக்கப் படாத பாடு பட்டேன்.

"வேற லினோலியம் இல்ல சித்தி" என்று ஆரம்பித்த கார்மெல் சட்டென்று நிறுத்தினாள். "இருங்க, இருங்க. இது இன்னும் ஈரம். இது மேல வெறும் தாள் வச்சுத் தேய்ச்சா மறுபடி திரும்பிடும். அப்பா சரியா வந்துடுவாரு. ஆனா இதுல இருக்கிற மைதான் அதுக்குப் போகும். இவரு வெளுத்துப் போவாரு."

"போகட்டும்" என்று ஒரு குரல் கேட்டது. "அவன் தருவான்."

ஆம்புரோஸ். அடுப்புக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்றான். தலையைக் குனிந்துகொண்டிருந்தான், அவளுக்குத் தன் மூஞ்சி தெரியக் கூடாது என்கிற பழக்கம். பதினைந்து வருஷப் பழக்கம் ஒரு நிமிஷத்தில் போய்விடுமா?

லொரேட்டா அவன் பக்கம் திரும்பவில்லை. கதவுப் பக்கமும் போகவில்லை. பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அந்தக் கோட்டு நாற்காலியில் விழுந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

"எப்படித் தேய்க்கணும்?" என்று கார்மெலைக் கேட்டாள்.

கார்மெல் கொடியிலிருந்து எடுத்து மேசையில் விரித்தாள். மேலே வெள்ளைத்தாளை வைத்தாள். "அசையக் கூடாது. யாராவது மூலையைப் பிடிச்சுக்கணும். அசைஞ்சா ரெண்டு மூக்கு வந்துடும்."

ஆம்புரோஸ் வந்து இரண்டு கையாலும் மூலைகளை அழுத்திப் பிடித்தான். மீன்முள்ளும் கயிறும் கிழித்த கைகள். அதற்கு நடுவில் லொரேட்டா கரண்டியின் முதுகை வைத்து வட்டமாகத் தேய்த்தாள். மேலிருந்து கீழே, சட்டை தேய்க்கிற மாதிரி நிதானமாக. சிரில் வந்துவிடுவானே, வண்டிச் சத்தம் கேட்டுவிடுமே என்று நான் சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன்.

"கையைப் பிடிச்சேன், லொரேட்டா" என்றான் ஆம்புரோஸ், தாளைப் பார்த்தபடி. "பிடிச்சேன். கையுறைதான் வந்துச்சு."

கரண்டி நிற்கவில்லை.

"நீ பிடிச்சிருப்பேன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். கொஞ்ச நேரம் தேய்த்தாள். "தெரியும். தெரிஞ்சுதான் அப்படிக் கேட்டேன். கேட்டுட்டு, அதுக்கப்புறம் உன் மூஞ்சில முழிக்க எனக்குத்தான் முகமில்ல."

இத்தனை காலமும் அவள் அவனை மன்னிக்கவில்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஊர் முழுக்க அப்படித்தான் பேசினோம். நானே எத்தனை தடவை பேசியிருக்கிறேன்! அந்த இடத்திலேயே என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கார்மெல் தாளை உரித்தாள். சாம்பல் நிறத்தில், மெல்லிசாக, ஆம்புரோஸ் வந்திருந்தான். ஊசி வலக்கையில், சுழி வலப்பக்கம். பக்கத்தில் மற்றவனும் அதே அளவு வெளுத்துக் கிடந்தான். இரண்டு பேரும் ஒரே மையைப் பங்கிட்டுக்கொண்டு ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

லொரேட்டா படத்தைக் கையில் எடுத்தாள். பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி ஆம்புரோஸின் முகத்தைப் பார்த்தாள். நேருக்கு நேர். மறுபடி படத்தை, மறுபடி அவனை. கடையில் சாமானைச் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக. அவன் ஸ்கூல் பையன் போல அசையாமல் நின்றான். கண்ணீர் மட்டும் தாடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"காதைக் கொஞ்சம் சின்னதாப் போட்டுட்டே, கார்மெல்" என்றாள் லொரேட்டா. "இவனுக்குக் காது எப்பவும் பெரிசு."

கார்மெல் சிரிக்கவும் அழவும் செய்தாள். பிரைட் உடைந்த கோப்பைத் துண்டுகளை இன்னும் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"சனிக்கிழமைக்கு டாக்ஸி சொல்லியிருக்கேன்" என்றாள் லொரேட்டா, கோட்டை மாட்டிக்கொண்டே. "ஆறு பேரை அடைச்சுக்கிட்டுப் போறான். எனக்கு வாந்தி வரும். நீ கொண்டுபோய் விடுறியா, ஆம்புரோஸ்?"

"எத்தனை மணிக்கு?" என்றான் அவன்.

சனிக்கிழமை காலை ஊர் முழுக்க ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றது. மறைப்பானேன், நானும்தான். ஆம்புரோஸின் வண்டி லொரேட்டா வீட்டு வாசலில் நின்றது. பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. பெட்டிகளை அவன் ஏற்றினான். படத்தைச் சுருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் முன்சீட்டில் ஏறினாள். பிரைட் போகவில்லை. "அவங்களுக்குப் பேச ஆயிரம் இருக்கும், நான் எதுக்கு நடுவுல?" என்றாள். கேண்டருக்கு நாலு மணி நேரப் பயணம்.

கார்மெல் மறுபடி மை பூசி இடக்கை ஊசிக்காரனை அழுத்தமாக ஒரு தாள் அச்சடித்து எடுத்துப்போனாள். பாஸாகிவிட்டாள். இப்போது ஹாலிஃபாக்ஸில் இரண்டு பிள்ளைகள். லொரேட்டா அங்கேயே இருந்து, பேரன் பேத்தி பார்த்து, போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அவள் கட்டிலுக்கு எதிரே ஆம்புரோஸின் படம் மாட்டியிருந்ததாம், டெரன்ஸ் சொன்னான்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை வண்டியில் என்ன பேசினார்கள் என்று தெரியாமல் எனக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை படகுத்துறையில் ஆம்புரோஸைப் பிடித்துவிட்டேன். நண்டுக்கூடுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா பேசினீங்க?"

"ஒண்ணும் பேசல."

"நாலு மணி நேரமுமா?"

"ஊர் எல்லை தாண்டினதும் தூங்கிட்டா. கேண்டர் வந்துதான் எழுப்பினேன்."

"சீ! இவ்வளவுதானா?" என்றேன். எனக்கு நிஜமாகவே ஏமாற்றம்தான்.

அவன் கையிலிருந்த கூட்டைக் கீழே வைத்தான்.

"தூங்கும்போது மூஞ்சி என் பக்கமா இருந்துச்சு, கெர்ட்டி."